இரண்டாவது பூந்தொட்டி

கார்ட்டூன் உலகத்தில் மறதிக்கு வைத்தியம் மிகச் சுலபம். மாடியிலிருந்து பூந்தொட்டி தலையில் விழுந்தால் கரடிக்குத் தன் பெயரே மறந்துபோகும். இன்னொரு தொட்டி விழுந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும், பள்ளிக்கூடத்தில் படிக்காமல் விட்ட பாடம் உட்பட. ஸ்கேன் கிடையாது, மாத்திரை கிடையாது. தொட்டிக்கும் கேடில்லை, அடுத்த காட்சியில் முழுசாக இருக்கும்.

அந்தக் கரடியை வரைகிறவனுக்கு ஸ்டூடியோவில் 'ரப்பர்' என்று பட்டம். வரைந்ததைவிட அழித்தது அதிகம்.

அவன் அக்காவுக்குப் போன வருஷம் மூளைக்காய்ச்சல் வந்தது. கரடி மாதிரி அவள் தன் பெயரை மறக்கவில்லை. பள்ளி மேடையில் ரப்பரின் கால்சட்டை கிழிந்ததைக்கூட மறக்கவில்லை; மறந்திருந்தால் தேவலாம் என்று அவன் நினைத்ததுண்டு. புதிதாகச் சொல்வதுதான் அவளிடம் தங்குவதில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடும்.

அதனால் ரப்பர் கதையையே மாற்றியிருந்தான். இரண்டாவது தொட்டி விழும்; ஒன்றும் நடக்காது. கரடி பழையபடி "இது யாரு வீடு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கூட இருக்கும் அணில் "நம்ம வீடுதான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

"குழந்தைங்க பாக்கற படம்யா இது," என்றார் டைரக்டர். "சாயங்காலம் ஓட்டிக் காட்டு. எனக்கு மனசுல எதுவும் தோணலன்னா, ரெண்டாவது தொட்டியிலயே கரடிக்குக் குணமாயிடணும்."

அன்றைக்குப் பார்த்து அம்மாவுக்கு வெளியில் வேலை. அக்கா ஸ்டூடியோவுக்கே வந்து, அவன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் பென்சில் படங்களைத் திரையில் ஓட்டினான். தொட்டி விழுந்தது.

"ணங்!" என்றாள் அக்கா, ரகசியக் குரலில்.

ரப்பர் திரும்பிப் பார்த்தான்.

"மறந்துட்டியாடா? ஞாயித்துக்கிழமை அப்பா தூங்குவாருன்னு டிவி சத்தத்தைச் சுத்தமா குறைச்சிடுவோம். ஒரே போர்வைக்குள்ள நீயும் நானும். கார்ட்டூன்ல அடி விழற சத்தமெல்லாம் நான்தான் வாயால போடுவேன். முதல் அடிக்கே நீ அழ ஆரம்பிச்சிடுவ. 'இருடா, இன்னொண்ணு விழும், சரியாயிடும்'னு சொன்னாத்தான் நிறுத்துவ."

போர்வை அவனுக்கு ஞாபகம் வந்தது. அதன் ஓரத்தைக் கடித்துக்கொண்டே பார்த்ததும் வந்தது. அழுததும் அவள் சமாதானம் சொன்னதும் வரவே இல்லை. இந்தக் குடும்பத்தில் மறதிக்காரர் யார் என்று கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

"நல்லாருக்கே கரடி. யாருடா வரைஞ்சது?"

"நான்தான்க்கா."

"நெஜமாவா! என் தம்பியா!"

சற்றுக் கழித்து மறுபடி கேட்டாள். "நான்தான்." இன்னொரு முறை. "நான்தான்," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா அணிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு ஏன்டா இவ்வளவு சலிப்பு?"

"சலிப்பா? அப்படி நான் வரையலையே."

"பின்ன ஏன் எப்பக் கேட்டாலும் அதே மூஞ்சி, அதே தலையாட்டல்? பாவம், கரடி இப்பத்தான முதல் தடவையா கேக்குது?"

திரும்ப வரும் அசைவைப் புதிதாக வரைய மாட்டார்கள். ஒருமுறை வரைந்ததையே மறுபடி மறுபடி ஓட்டுவார்கள். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ரப்பரும் செய்திருந்தான். படத்தில் மட்டும்தான் செய்கிறோம் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தான்.

மதியச் சாப்பாட்டை மறந்து அணிலை வரைந்தான். முதல் பதிலுக்கு அது கரடியின் முழங்காலைத் தட்டியது. அடுத்ததற்குக் கதவைத் திறந்து, வீட்டையே சுற்றிக் காட்டியது. அதற்கடுத்து கொட்டாவி விட்டு, பாதியில் அதை விழுங்கிச் சிரித்தது.

சாயங்காலம் டைரக்டர் பார்த்தார். இரண்டாவது தொட்டி விழுந்தது, ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். மூக்கைச் சொறிந்தார்.

"ஒவ்வொரு பதிலையும் இப்படித் தனித்தனியா வரைஞ்சா நீ எப்பய்யா படத்தை முடிப்ப?" என்றார். கதவு வரை போய்த் திரும்பினார். "சரி, இப்படியே இருக்கட்டும். அணில்ல கை வைக்காத."

அக்கா அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்கே! யாருடா வரைஞ்சது?"

ரப்பர் பென்சிலை வைத்தான். நாற்காலியை முழுசாக அவள் பக்கம் திருப்பினான்.

"கண்டுபிடி பாப்போம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கரி அப்பிய விரல்களைப் பார்த்தாள். கண்கள் விரிந்தன. "டேய்! நீயா?"

"ணங்!" என்றான் ரப்பர், அப்பா எழுந்துவிடாத அளவுக்கு மெதுவாக.