வேலை செய்யாத ஊசி

என் கையாலேயே போட்ட ஊசி வேலை செய்யவில்லை. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நொர்மான் பெல்த்தியே மாமாவின் வயிற்றில் இருபது யூனிட் இன்சுலின் ஏற்றினேன். ஒரு நாள் முழுக்க மெல்ல மெல்ல வேலை செய்கிற வகை அது. அன்று சர்க்கரை முந்நூற்றெழுபதுக்குக் கீழே இறங்கவேயில்லை. வியாழனும் போட்டேன், வெள்ளியும் போட்டேன். அதே கதை.

"ஊசி போட்டியா, இல்ல சும்மா கிள்ளிட்டுப் போனியா கொரின்?" என்றார் மாமா.

அவருக்கு எண்பத்தோரு வயது. மனைவி இறந்து ஆறு வருடமாகத் தனியாக இருக்கிறார். இடது காலில் மூன்று விரல்களைப் போன பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். இந்த ஜனவரியில் அதே காலின் குதிகாலில் புண். செவ்வாய்க்கிழமை அறுவை மருத்துவர் பார்க்கப்போகிறார். சர்க்கரை இறங்கிப் புண் ஆறத் தொடங்கியிருந்தால் கால் தங்கும். இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே போய்விடும்.

நான் நர்ஸ். கூடுதலாகப் படித்து, நோயைப் பார்த்து நானே மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமையும் வாங்கியவள். பதினாறு வருடம் கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டு, வீடு தேடிப்போய் முதியவர்களைப் பார்க்கும் தொழிலைச் செப்டம்பரில் தனியாகத் தொடங்கினேன். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றுக்கு அக்கரையில் கனடா தெரியும் இந்தப் பள்ளத்தாக்கில், பனிக்காலத்தில் வீட்டைவிட்டு வரமுடியாத கிழவர்களும் கிழவிகளும் நிறைய. இதுவரை எனக்குப் பதினொரு பேர். மாமா என்று நான் கூப்பிடுகிற இவரும் அதில் ஒருவர்.

மாமாவின் பழைய கிளினிக்குக்குப் போன் போட்டேன். அங்கிருந்த டாக்டர் சிரித்தார். "அந்த ஆளு ஊசியே போட்டுக்கறதில்ல. போன வருஷம் ஆஸ்பத்திரில அஞ்சு நாள் இருந்தப்ப சர்க்கரை நூத்தம்பதுக்கு வந்துச்சு. வீட்டுக்குப் போனதும் ஏறிடுச்சு. பொய் சொல்றாருன்னு ஃபைல்லயே எழுதி வெச்சிருக்கோம்."

"இப்ப போடறது நான், டாக்டர்."

"அப்ப ராத்திரி கேக் திங்கறாரு."

சர்க்கரை இறங்காமல் இருக்கக் காரணங்கள் அதிகம் இல்லை. ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்துப்போனால் மருந்து உள்ளே பரவாது. தடவிப் பார்த்தேன், வயிறு மெத்தென்றிருந்தது. அளக்கும் கருவி பொய் சொல்லலாம். என்னுடைய கருவியிலும் அளந்தேன், அதே எண். சாப்பாட்டைப் பார்த்தேன்: காலையில் பக்வீட் தானிய மாவில் சுட்ட அடை இரண்டு, மதியம் கோழி சூப். கேக் இல்லை, அலமாரியில் சீனிகூட இல்லை. புண்ணின் சீழ் சர்க்கரையை ஏற்றும், ஆனால் இவ்வளவு பிடிவாதமாக அல்ல. குளிர்பெட்டிக்குள் ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை ஓர் இரவு வைத்தேன். நான்கு டிகிரி, மிகச் சரி. மருந்துப் பாட்டில் தெளிவாக இருந்தது, காலாவதித் தேதிக்கு ஒரு வருடம் இருந்தது.

சனிக்கிழமை கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பண்ணை லூசியான் பனித்தள்ளும் வண்டியோடு வந்தார். வாசலைச் சுத்தம் செய்துவிட்டு, சாலையோரப் பெட்டியிலிருந்து தபால்களை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இந்தா கிழவா, வாரம் பூரா சேந்த குப்பை. ஒரு காதல் கடிதம்கூட இல்ல."

"உனக்கு வந்துச்சா? மொதல்ல கதவச் சாத்து, குளிர் அடிக்குது."

குப்பையில் மருந்துக் கம்பெனியின் அட்டைப் பெட்டியும் இருந்தது. குளிர்பெட்டியில் வைக்கலாம் என்று பிரித்தேன். உள்ளிருந்த இன்சுலின் பாட்டிலைச் சாய்த்தேன். உள்ளே திரவம் அசையவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது தெரிந்தது. பனிக்கட்டி.

"இது எப்ப வந்தது?"

"செவ்வாக்கிழமை வரும்," என்றார் மாமா. "விரல் போனப்புறம் ஐஸ்ல ரோட்டுக்கு என்னால நடக்க முடியல. அதான் லூசியான் சனிக்கிழமை எடுத்தாறான்."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. இரும்புப் பெட்டிக்குள் நான்கு இரவு.

"ஒவ்வொரு தடவையும் உறைஞ்சுதான் வருதா மாமா?"

"குளிர்காலத்துல எல்லாமே உறைஞ்சுதான் வரும். ஃபிரிட்ஜுல வெச்சா இளகிடும். குளிர்ச்சியா வைக்கணும்னு அதுலயே போட்டிருக்கே. இந்த ஊரவிடக் குளிர்ச்சி எங்க கெடைக்கும்?"

நான் உட்கார்ந்துவிட்டேன். இன்சுலின் என்பது நுணுக்கமாக மடித்து வைத்த ஒரு சங்கிலி. அந்த மடிப்பு இருந்தால்தான் உடம்பின் பூட்டில் பொருந்தும். உறைந்தால் மடிப்பு குலைந்துவிடும். பிறகு இளகினால் தண்ணீர்போலத் தெளிவாகவே தெரியும், வேலை மட்டும் செய்யாது. இதை அவருக்கு எப்படிச் சொல்வது? ஐம்பது வருடம் உருளைக்கிழங்கு விளைவித்தவர்.

"கிடங்குல கிழங்கு ஒரு ராத்திரி உறைஞ்சு, மறுநாள் இளகினா என்ன செய்வீங்க?"

"தூக்கிக் கொட்டுவேன். வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும், உள்ள..." நிறுத்தினார். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். லூசியான் தொப்பியைக் கழற்றினார்.

"போன குளிர்காலத்துலயும் கால் புண்ணால நடக்க முடியாம கெடந்தேன். அப்பவும் இவன்தான் எடுத்தாந்தான்," என்றார் மாமா மெதுவாக. "அப்ப அந்த விரல்..."

"ஆமா மாமா."

"நான் பொய் சொல்லல."

"இல்ல. நீங்க ஒரு நாளும் பொய் சொல்லல."

அன்றே நகரத்து மருந்துக் கடையில் புதுப் பாட்டில் வாங்கி வந்து போட்டேன். ஞாயிறு மாலை இருநூற்றுப் பத்து. திங்கள் நூற்றெழுபது. செவ்வாய்க்கிழமை மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார், சீழ் எலும்புக்குள் போயிருந்தது. மறுநாள் இடது காலை எடுத்தார்கள். வலது கால் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதுதான் இனி என் வேலை.

என் மற்ற பத்துப் பேருக்கும் போன் செய்தேன். மூன்று பேருக்கு இன்சுலின் தபாலில்தான் வருகிறது. மூன்று பாட்டில்களையும் தூக்கி எறிந்தேன்.

இப்போது முறை இதுதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை என் நோயாளிகள் யாருடைய இன்சுலினும் சாலையோரப் பெட்டிக்குப் போகாது. நகரத்து மருந்துக் கடைக்கு வரும். நான் வாங்கி, கோட்டுக்கு உள்ளே, சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்து எடுத்துப்போய், அவரவர் குளிர்பெட்டியின் நடுத்தட்டில், பனி பிடிக்கும் பின்சுவரைத் தொடாமல், என் கையால் வைக்கிறேன்.