மரியாதைக்குப் பேசிய மொழி

2004 நவம்பர் 16 அன்று, லைடன் நகரின் அரபுமொழிப் பேராசிரியர் வீப்ரன் ஹூக்ஸ்ட்ரா, மேற்குச் சூடானிலிருந்து தப்பி வந்ததாகக் கூறித் தஞ்சம் கேட்ட இத்ரீஸ் என்பவரைத் தாமே கெய்ரோ அரபில் நேர்கண்டு, பேச்சைக் கொண்டு பார்த்தால் அவர் எகிப்தியரே என்று குடியேற்ற அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார்.

அவ்வார இறுதியில், கால்வாயின் கரும்பச்சை நீர்மேல் மழை ஓயாது விழ, இலையிழந்த மரங்கள் இழவுக்கு வந்தவர்போல் கரையில் வரிசையாய் நிற்க, நண்பகலே மாலையென மங்கிய வேளையில், உடன் பணியாற்றும் ரென்ஸ்கே அவர் அறைக்குள் நுழைந்தார். மேற்குச் சூடானில் நெடுங்காலம் வாழ்ந்து அந்நிலத்து அரபை ஆய்ந்த அவரிடம், இத்ரீசின் வழக்கறிஞர் அந்த நேர்காணலின் ஒலிநாடாவைக் கொடுத்திருந்தார்.

“வீப்ரன், அந்த மனுஷன் பேசினது உன் அரபி. அவரோடது இல்ல.”

“கெய்ரோ அரபி என்ன என் சொத்தா? கோடிப்பேர் பேசறாங்க.”

“நீ ஒரு சொல்லைப் போட்டா அடுத்த மூச்சில அவரும் அதையே எடுத்துக்கறார். வாத்தியாரைக் கூப்பிடற மாதிரி ‘உஸ்தாத், உஸ்தாத்’னு குழையறார். பெரியவங்க எப்படிப் பேசறாங்களோ அப்படியே பேசறது அவருக்கு மரியாதை. நீ அதைச் சான்றா எழுதிட்டே.”

“இவ்வளவு சரளமாவா?”

“எகிப்து சினிமா பாக்காத சூடான்காரர் யாரு? கால்ல தேநீர் கொட்டினப்போ என்ன சொல்றார்னு கேளு.”

நாடா சுழன்றது. கோப்பை உருண்ட ஓசைக்குப் பின், பணிவெல்லாம் மறந்து, வறண்ட மேற்கு நிலத்தின் மொழியில் ஒரு குரல் வலியால் முனகியது. நேர்காணலன்று இத்ரீசின் எதிரே அமர்ந்திருந்த பேராசிரியர், அந்நேரம் தேநீர் சிந்திய தம் தாள்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் செவியையே செல்வமெனப் பேணிய அவர், நாடாவைப் பின்னோட்டி அந்த முனகலை மறுபடியும் கேட்டார்.

“திருத்தி எழுது.”

“இதைத் திருத்தினா, முன்னாடி எழுதினது அத்தனையும் தோண்டுவாங்க, ரென்ஸ்கே.”

“தோண்டட்டுமே. அதுல எத்தனை இத்ரீஸ் இருக்காங்களோ.”

“உனக்கென்ன. நீ அலுவலகத்துக்கு அறிக்கை எழுதறதில்ல.”

வீப்ரன் திருத்தி எழுதவில்லை. ரென்ஸ்கே தம் கருத்தை எழுதி வழக்கறிஞரிடம் கொடுத்தார். இத்ரீசை அவர் நேரில் கண்டதில்லை என்று காரணம் காட்டி அலுவலகம் அதை ஏற்க மறுத்தது.

சனவரியில் இத்ரீசின் கோரிக்கை தள்ளுபடியானது. எகிப்துத் தூதரகத்தார் அவரை அழைத்துப் பேசிப் பார்த்து, இவர் எம் நாட்டவர் அல்லர் என்று எழுதிக் கொடுத்தனர். அலுவலகத்தின் ஏட்டில் அவர் சூடானியரும் அல்லர்; அனுப்ப நாடில்லாததால் அவர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்.