நினைவு மலரில் பப்பா

எனக்குக் கோபம் வந்தால் கையும் காலும் ஓரிடத்தில் நில்லா. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஜூலையில் ஒருநாள், லிஃப்ற் வரும்வரைகூடப் பொறுக்காமல் பதினாறாம் மாடியிலிருந்து படியால் இறங்கி, பார்லிமென்ற் வீதியில் இருந்த எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நடந்தே போனேன். கையில் அவர்கள் அச்சடித்த நினைவு மலர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் கொல்லப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம். முப்பத்தேழாம் பக்கத்தில் என் பப்பா, தையல்காரர் இக்னேசியஸ்.

நான் கொடுத்த படத்தில் பப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். அஞ்சலிப் படத்தில் சிரிப்பது மரியாதையில்லையாம். ஸ்ரூடியோக்காரனைக் கொண்டு வாயை மூடிவிட்டார்கள். கீழே, ‘கத்தரிக்கோலோடு காடையரை எதிர்த்து வீழ்ந்த வீரர்.’

வீரராம்! கரப்பான் பூச்சியைக் கண்டாலே கதிரையில் ஏறி நிற்கிற மனுசன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தையல்கடை. பூசைக்குப் போகும்போதும் அளவுநாடா கழுத்தில் கிடக்கும். அம்மா ஏசிக்கொண்டே இழுத்தெடுப்பா. சனிக்கிழமைகளில் நான் சட்டைகளுக்குத் தெறிப் பொத்தான் தைக்க, அவர் ஏதோ பழைய பாட்டைப் பிழையான ராகத்தில் இழுத்தபடி அயன் பண்ணுவார். ஈரத்துணியில் சூடு படும் அந்த மணம், அகதியாக வந்த இந்த நாட்டில் லோண்டரிக் கடைகளைக் கடக்கும்போது வரும். பன்னிரண்டு வருசமாகியும் நான் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன்.

செயலாளர் அருள்நாயகம் அண்ணை அடுத்த நாள் கூட்டத்துக்கு மலர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, உதை ஆர் எழுதினது? பப்பா சண்டை பிடிக்கேல்லை. சுனில் எண்ட சிங்களப் பெடியனுக்கு அந்தக் கிழமை கலியாணம். அவனுக்குத் தைச்ச கலியாணக் கோட்டு கடையோடை எரிஞ்சு போகுமெண்டு எடுக்கத் திரும்பிப் போனவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“தெரியும் வேரோனிக்கா, நீ எழுதித் தந்ததை வாசிச்சனான். சிங்களவன்ரை கோட்டுக்காகச் செத்தவர் எண்டு போட்டா சனம் என்ன சொல்லும்? உன்ரை பப்பாவை உயர்த்தித்தானே பிள்ளை எழுதியிருக்கு.”

“அவரை நீங்கள் ஒண்டும் உயர்த்தத் தேவையில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறன்.”

“ஐயோ, முந்நூறு புத்தகம்!”

“எனக்குக் கை இருக்கு.”

நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்தேன். ஐம்பதோ அறுபதோ போனபின் அழுகை வந்துவிட்டது. பப்பாவுக்குக் கல்லறைகூட இல்லை. இதையும் கிழித்துவிட்டால் அவர் பெயர் எங்கேயும் இருக்காது. அது தெரிந்தும் கை நிற்கவில்லை.

அருள்நாயகம் அண்ணை கையிலிருந்த மலர்களை மேசையில் வைத்தார். பிறகு தானும் நிலத்தில் வந்திருந்து பேனையைத் திறந்தார்.

“சரி, சொல்லு. புதுப் பக்கம் அடிச்சு ஒட்டுவம்.”

சொன்னேன். கோட்டையும் சொன்னேன், கலியாணத்தையும் சொன்னேன். அவர் அப்படியே எழுதினார். கடைசியில் மறுபடியும் ‘காடையர்’ என்று தொடங்கியபோது கையைப் பிடித்தேன்.

“காடையர் இல்லை அண்ணை. எங்கடை ஒழுங்கையிலை இருந்த ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் முதல் பள்ளிக்கூடக் காற்சட்டை பப்பாதான் தைச்சுக் குடுத்தவர். பேர் சொல்லுறன், முழுசா எழுதுங்கோ.”