வேஷம் கலைத்தல்

அன்று படப்பிடிப்பு அறையில் இருந்தவர்கள்: நடிப்பு ஆசிரியை மொய்ரா. கேமராவையும் விளக்குகளையும் பார்த்துக்கொள்ளும் டூகல். போலீஸ்காரியாக நடித்த அய்ல்சா. அண்ணனாக நடித்த நான், இன்னஸ். தம்பி அந்தக் காட்சியில் வரமாட்டான். அவன் கடலில் செத்துப்போன செய்திதான் வரும்.

என் தம்பி கேவினும் செத்துப்போயிருந்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையில், எங்கள் ஊரான ஆர்ப்ரோத் போகும் சாலையில், உறைபனியில் பைக் சறுக்கி. நான் படிக்கும் டண்டீக்குத் திரும்பி வந்து வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சொன்னால் கட்டிப்பிடிப்பார்கள். நடிப்பு படிக்கிறவர்கள் கட்டிப்பிடித்தால் லேசில் விடமாட்டார்கள். காட்சிகளை விடுமுறைக்கு முன்பே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். மாற்றித் தரச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் கேட்கவில்லை.

எங்கள் முதுகலைப் படிப்பில் ஒரே காட்சியை இரண்டு முறை செய்ய வேண்டும். காலையில் மேடையில், மதியம் கேமரா முன்னால். மேடையில் நான் தேறவில்லை.

"அவ வந்து உன் தம்பி செத்துட்டான்னு சொல்றா. நீ பஸ் லேட்டுன்னு கேட்ட மாதிரி நிக்கிற" என்றாள் மொய்ரா.

"சரி."

"என்ன சரி? போன பருவத்துலயே ஒண்ணு ஃபெயில். கேமராவுலயும் இப்படியே நின்னா நீ படிப்பை விட்டுட்டுக் கிளம்ப வேண்டியதுதான். என்னால காப்பாத்த முடியாது."

மதியம் கேமரா முன்னால் ஒரு கதவு நிலை, ஒரு விளக்கு. அய்ல்சா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து செய்தியைச் சொன்னாள். சொல்லும்போதே அவள் கண்ணில் தண்ணீர்.

"நிறுத்து. நீ போலீஸ்டி, உனக்கென்ன அழுகை?"

"இவன் மூஞ்சியப் பார்த்தா தானா வருது மொய்ரா."

"முதல் நாள்லேருந்து அந்த மூஞ்சி அப்படித்தான் இருக்கு. நான் அழுதேனா?" என்றார் டூகல்.

தூரத்திலிருந்து எடுத்தார்கள். கிட்டத்தில் எடுத்தார்கள். அவள் பக்கம், என் பக்கம். ஒவ்வொரு முறையும் அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். நிஜத்தில் சொன்னது அப்பா, போனில். ரோடு மோசமா இருந்துச்சு என்று ஆரம்பித்தார். அப்போது நான் ராத்திரி ஷிப்டில், கிடங்கில் பால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு மிச்சத்தையும் அடுக்கி முடித்தேன்.

எடுத்ததை மொய்ரா திரையில் பார்த்தாள். திரும்பப் போடச் சொன்னாள்.

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலை."

"அதான். மேடையில அது செத்துக் கிடந்துச்சு. இங்க கிட்டப் போனா... நீயே பாரேன்."

பார்த்தேன். என்னைப்போல் ஒருவன். அய்ல்சா சொல்லி முடித்ததும் அவனுடைய ஒரு கண் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அசைந்தது எனக்குத் தெரியாது.

கனமான காட்சி முடிந்தால் வேஷம் கலைக்க வேண்டும். மொய்ராவின் சட்டம். கைகால்களை உதறி, சொந்தப் பெயரைச் சொல்லி, கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்லி, கடைசியில் பாத்திரத்துக்கும் தனக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மார்க்.

"நான் அய்ல்சா. நான் போலீஸ் இல்ல. போலீஸ் ஒருதடவை என்னைப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

டூகல் சிரித்தார். என் முறை.

"நான் இன்னஸ்."

"காலையில என்ன சாப்பிட்ட?"

"நூடுல்ஸ்."

"காலையிலயா?"

"வேலை முடிஞ்சு வந்தேன். எனக்கு அதுதான் ராத்திரி."

"சரி. அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

கையை இன்னொரு தடவை உதறினேன்.

"டேய், இதுக்கு ஒரு யோசனையா?" என்றாள் அய்ல்சா. "உன் தம்பி உயிரோட இருக்கான். நவம்பர்ல நாடகம் பார்க்க வந்து, என் சோபாவுல படுத்து, என் ஃப்ரிட்ஜுல இருந்ததெல்லாம் தின்னு தீர்த்துட்டுப் போனானே, அந்த மகராசன்."

"நீ எடுத்துக் குடுக்காத. அவன் வாயால வரணும்" என்றாள் மொய்ரா. "இன்னஸ், நீ இன்னும் வேஷத்துக்குள்ளயே நிக்கிற. வெளிய வா. இதைச் சொல்லாம நான் மார்க் போட மாட்டேன்."

"என் தம்பி உயிரோட இருக்கான்."

"பேரு?"

"கேவின். ஆர்ப்ரோத்துல இருக்கான். அடுத்த மாசம் இங்க வர்றான்."

"ஐயையோ, ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வாங்கணும்" என்றாள் அய்ல்சா.

"பூட்டை உடைக்கறவன் அவன்" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுலபமாகத்தான் வந்தது.

மொய்ரா மார்க் எழுதினாள். "பாஸ். அடுத்த மாசம் நடிகர் தேடி ஏஜென்டுங்க வர்றாங்க, இதைத்தான் காட்டப்போறோம். திங்கக்கிழமையிலேருந்து தினமும் ஒத்திகை. தினமும் இதே மாதிரி கலைச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்."

செத்துவிட்டான் என்று அய்ல்சா வந்து சொல்வதை நான் தினமும் கேட்பேன். எனக்கு ஒன்றும் ஆகாது. உயிரோடு இருக்கிறான் என்று தினமும் என் வாயால் சொல்ல முடியாது.

"நான் வரலை."

"திங்கக்கிழமையா?"

"திங்கக்கிழமையும். அதுக்கப்புறமும்."

"பாஸ் ஆயிட்டடா லூசு!" என்றாள் அய்ல்சா.

"வேலை இருக்கு."

"ராத்திரிதானே வேலை? இப்ப மணி மூணு."

நான் கோட்டை எடுத்தேன். மொய்ரா மார்க் தாளை மடித்தாள். "நாளைக்குப் பேசிக்கலாம். போய்த் தூங்கு" என்றாள். பிறகு திரும்பி, "அய்ல்சா, உன் பக்கம் இன்னொரு தடவை எடுக்கணும். அழாம. இவன் வசனத்தை டூகல் படிப்பார்" என்றாள்.

"நான் படிச்சா அவ சிரிப்பா" என்றார் டூகல்.

அய்ல்சா தொப்பியை மறுபடி எடுத்தாள். டூகல் சத்தம் வெளியே போகாத கனத்த கதவைத் திறந்துவிட்டார், நான் வெளியே வந்தேன். "டேய், இன்னஸ்..." என்று அவள் ஏதோ ஆரம்பித்தாள். கதவு சாத்தியதும் குரல் நின்றது. படம் எடுக்கும்போது யாரும் வரக்கூடாது என்பதால், உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டார்கள்.