பாஷாவின் பதினொரு முட்டைகளும், பிறகு ஏழும்

1

பதினொரு முட்டைகள் வெந்து போனதால் உண்டான கதை இது. வேகவைத்தது யார் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. என் அம்மா கெர்கினாதான். ஆனால் அந்த வாக்கியத்தை எழுதியபின் அடுத்ததற்குப் போக முடியாமல் பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன். நான்கு தடவை தொடங்கினேன். அதில் இரண்டைக் கிழிக்க மனம் வரவில்லை.

முதலாவது: பெரிய வியாழன் விடியலில், மருமகளுக்குப் பிடித்த எதையும் பொறுக்காத ஒரு மாமியார்...

(நிறுத்திவிட்டேன். அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. அப்படி இருந்தால் கதைக்கு வசதி, அவ்வளவுதான்.)

இரண்டாவது: முட்டை என்பது ஒரே சமயத்தில் உணவாகவும் உயிராகவும் இருக்கிறது என்பதை நாம்...

(இதுவும் வேண்டாம். நான் போகும் எழுத்துப் பயிற்சி மாலை வகுப்பில் இந்த மாதிரி வரிக்குத்தான் எனக்குத் தலையசைப்பு கிடைக்கும். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

எனவே நெவேனாவின் பக்கத்தில் நின்று சொல்லிவிடுகிறேன். அவள் என் அண்ணி. கதை அவளுடையது. அதில் நான் இல்லை.

2

நெவேனா கல்யாணமாகி வந்தபோது மடியில் ஒரு மூடிக் கூடை இருந்தது. உள்ளே ஒரு சேவல் குஞ்சு. அவள் அப்பா ஸ்டொயில் தொப்ருஜா சமவெளியில் வளர்த்த கோழிகளின் வம்சம்: உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தைச் சுற்றிக் காலர் மாதிரி விறைத்த இறகு, அலகுக்குக் கீழே தாடி. அதற்குப் பழைய பிரபுக்களின் பட்டமான பாஷா என்று பெயர் வைத்தார்கள். ஆறே மாதத்தில் பெயருக்கேற்ற திமிரும் வந்தது. என் அம்மா முற்றத்தில் கால் வைத்தால் போதும், பாய்ந்து வந்து கணுக்காலைக் கொத்தும். துடைப்பம் இல்லாமல் அவள் துணி காயப்போட வெளியே போனதில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஸ்டொயிலின் ஊருக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது. வெள்ளை உடை போட்டவர்கள் வந்து ஊர் முற்றங்களையெல்லாம் காலி செய்துவிட்டுப் போனார்கள். அவருடைய முப்பத்திரண்டும் ஒரே பிற்பகலில் போயின. அந்த வம்சத்தில் மிஞ்சியது பாஷா மட்டும்.

"இன்னும் படுக்கையிலயா இருக்கீங்க?" என்று நெவேனா தொலைபேசியில் அப்பாவிடம் கேட்பாள்.

"கூவ ஆளில்லாத வீட்ல எதுக்கும்மா எழுந்துக்கணும்? நீ குஞ்சு கொண்டா, எழுந்துக்கறேன்."

கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் எங்கள் வீட்டுப் பேடைகள் மூன்றும் பண்ணையில் வாங்கியவை. முட்டையிடும், இட்டதைத் திரும்பிப் பார்க்காது. அதற்கப்புறம் வந்த இரண்டு வசந்தத்திலும் எதுவும் அடையில் உட்காரவில்லை. பொரிப்புப் பெட்டி வாங்கலாம் என்று அண்ணன் சொன்னான். எங்கள் தெருவில் மின்சாரம் போய்ப்போய் வருகிற அழகைப் பார்த்துவிட்டு அவனே விட்டுவிட்டான்.

இந்த ஏப்ரலில், யாரும் எதிர்பாராமல், சாம்பல் பேடை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டை விட்டு எழ மறுத்தது. கையை நீட்டினால் உறுமியது. நெவேனா அதற்கு முத்தமே கொடுத்திருப்பாள்.

அதே வாரம், பட்டப்பகலில், நரி வந்தது. பேடைகள் மூன்றும் தப்பின. பாஷா தப்பவில்லை. நடுவில் நின்று சண்டை போட்டிருக்க வேண்டும். வேலியோரம் கறுப்பு இறகுகளோடு நரியின் சிவப்பு மயிரும் ஒரு கொத்துக் கிடந்தது.

3

சேவல் போனாலும் இரண்டு வாரம்வரை பேடைகள் இடுகிற முட்டையில் கரு இருக்கும். நெவேனா ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னக் கூடையில் வைக்கோல் பரப்பிச் சேர்த்தாள். பதினொன்று சேர்ந்தது. வெள்ளிக்கிழமை அடை வைப்பதாக இருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு ஏழு வாரமும் எங்கள் வீட்டில் முட்டை தொடமாட்டோம். இட்டதெல்லாம் நிலவறையில் சேர்ந்துகொண்டே வரும். பெரிய வியாழன் அன்று சூரியன் வருவதற்கு முன்னால் அம்மா அதை வேகவைத்துச் சாயம் ஏற்றுவாள். முதலில் சிவந்த முட்டையை வீட்டிலுள்ள ஒவ்வொருவர் கன்னத்திலும் தேய்ப்பாள், வருஷம் முழுக்க நோய் அண்டாமல் இருக்க.

அன்றும் தேய்த்தாள். தூக்கக் கலக்கத்தில் நெவேனா சிரித்துக்கொண்டே கன்னத்தைக் காட்டினாள். பிறகு அடுக்களை மேசையில் அந்தச் சின்னக் கூடையைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

"அத்தை, இந்தக் கூடை எங்க இருந்துச்சு?"

"நிலவறையில, மேல் தட்டுல. நல்லாப் பெருசு பெருசா இருக்கேன்னு முதல்ல இதைத்தான் போட்டேன்."

"இது என் கட்டிலுக்கு அடியிலதானே இருந்துச்சு!"

"உன் கட்டிலடியில நான் எதுக்கும்மா குனியப் போறேன்? குனிஞ்சா என்னைத் தூக்க நாலு பேர் வேணும்." அம்மாவுக்குப் பாதியில் குரல் இறங்கிவிட்டது. "ஐயோ. பாஷாவோடதா?"

நெவேனா சிவப்பு முட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டே நின்றாள். சூடு தாங்காத அளவுக்கு இருந்திருக்கும். கீழே வைக்கவில்லை.

(முந்தைய பிரதியில் இந்த இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "கூடை எப்படியோ நிலவறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது." எப்படியோ! கால் முளைத்து நடந்து போனதுபோல. இந்த வரியை ஆறு தடவை மாற்றியும் எனக்குச் சமாதானமாகவில்லை. காரணம் ஐந்தாம் பகுதியில்.)

4

அம்மா வேண்டுமென்றே செய்தாளா? எழுதுகிறவள் இதைக் கேட்டே ஆக வேண்டும். அவளுடைய கணுக்காலில் நான்கு தழும்பு உண்டு. நரி வந்த அன்று அவள் அழவில்லை. துடைப்பத்தை மட்டும் மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, "இனிமே எதுக்கு" என்றாள். அதை நிம்மதி என்றும் எழுதலாம், வேறு மாதிரியும் எழுதலாம். இரண்டு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அம்மா அம்மாவாகவே இருக்கிறாள். அதுதான் சங்கடம்.

நெவேனா விரல் விட்டு எண்ணினாள். பாஷா போய் எட்டு நாள். இன்னும் ஐந்தாறு நாள் நம்பலாம், ஒவ்வொரு நாளும் நம்பிக்கை குறைந்துகொண்டே வரும். சாம்பல் பேடை அடையில், மற்ற இரண்டும்தான் இட வேண்டும். அதுவரை சாம்பல் பேடை எழுந்துவிடக் கூடாது. வெறுங்கூட்டில் அது எத்தனை நாள் உட்காரும்?

நேரே போய் இரண்டு சிவப்பு முட்டைகளை அதன் வயிற்றடியில் தள்ளினாள்.

"ஈஸ்டர் முட்டையை அடை வச்சவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்," என்றாள் அம்மா.

"அடை வைக்க வேண்டியதை ஈஸ்டர் ஆக்கினவங்க பேசக் கூடாது."

அந்தக் காலிக் கூடைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மேசையில் முட்டை மோதும் ஆட்டம். எவர் முட்டை உடையவில்லையோ அவருக்கு வருஷம் முழுக்க யோகம். அம்மாவின் முட்டை அண்ணனுடையதை உடைத்தது, என்னுடையதை உடைத்தது, விருந்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரருடையதையும் உடைத்தது. கடைசியில் நெவேனாவுடையதையும்.

"பாஷா முட்டை," என்றாள் அம்மா, உடையாததை உயர்த்திக் காட்டி. "செத்தும் கொத்தறான் பாரு."

நெவேனா சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகக் கோபப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் ஏழு முட்டை கிடைத்தது. புதன் காலை சிவப்பை எடுத்துவிட்டு ஏழையும் வைத்தாள். சாம்பல் பேடை அலகால் ஒவ்வொன்றையும் உருட்டித் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

5

ஏழாம் நாள் மத்தியானம் நிலவறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெவேனா முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் ஆறும் வெறும் மஞ்சள் ஒளி. கூமுட்டை. ஏழாவதில் சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்புகள், நடுவில் துடிக்கிற ஒரு புள்ளி.

ஒரே ஒரு முட்டை.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பன்னிரண்டாம் நாள் மழையும் குளிரும். தீனிக்கு எழுந்த சாம்பல் பேடை கொட்டகைக் கதவு காற்றில் சாத்திக்கொண்டதால் திரும்ப முடியாமல் வெளியில் நின்றது. நெவேனா வேலைக்குப் போயிருந்தாள். அவள் வந்து பார்த்தபோது உள்ளே கூட்டருகில், குனிந்தால் தூக்க நாலு பேர் வேண்டும் என்ற என் அம்மா, மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். முட்டை அவள் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில், கம்பளிச் சட்டைக்குள், நெஞ்சோடு.

"எவ்வளவு நேரமா அத்தை?"

"யாருக்குத் தெரியும்? கோழி கைக்கு அகப்படல, நான் உள்ள வந்ததும் கதவும் சாத்திக்கிச்சு. கதவைத் திற. கோழியை உள்ள விடு. அப்புறம் என்னைத் தூக்கு."

இதைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் தொடக்கத்தை என்னால் எழுத முடியாது. மூன்றாம் பகுதியின் அந்த வரியையும் விட்டுவைக்க முடியாது.

கூடையை எடுத்துப் போனது நான். அடை முட்டையைப் பதினைந்து டிகிரியில் வைக்க வேண்டும் என்று படித்தேன். வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். கட்டிலடியில் இருபத்திரண்டு, நிலவறையில் பதினான்கு. நோட்டில் எழுதிக்கொண்டேன். நிலவறையில் மேல் தட்டு காலியாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் வைத்தேன். அடுத்த நாள் பெரிய வியாழன் என்பதும் நோட்டில்தான் இருந்தது, வேறொரு பக்கத்தில்.

இதைப் பன்னிரண்டாம் நாள் மாலை அடுக்களையில் இருவரிடமும் சொன்னேன். நெவேனா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் ரலி," என்றாள்.

"எப்படி?"

"மேல் தட்டுல உன் வெப்பமானி நின்னுட்டிருந்துச்சு. இந்த வீட்ல வேற யாரு அதோட குடித்தனம் பண்றா?"

அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். "நான் அந்த வெப்பமானியைப் பாத்தப்போ முட்டை கொதிச்சிட்டிருந்துச்சு. அப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுது? எப்படியும் மாமியார் மேலதான் பழி. எனக்குப் பழக்கம். நீ ஒரு வாரம் சாப்பிடாமக் கிடந்திருப்ப."

(கதையில் நான் இல்லை என்று முதல் பகுதியில் எழுதியதை அடிக்காமல் விடுகிறேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

6

முடிவுக்கு மூன்று வழி வைத்திருக்கிறேன்.

ஒன்று: குஞ்சு பொரிகிறது, சேவலாக இருக்கிறது, ஸ்டொயில் விடியலில் எழுகிறார். (இனிப்பு அதிகம்.)

இரண்டு: பொரிகிறது, பேடையாக இருக்கிறது. தாடியும் காலரும் உண்டு, கூவத்தான் தெரியாது. ஸ்டொயில் அப்படியும் எழுகிறார். (இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே நம்பிக்கை இல்லை.)

மூன்று: எழுதினேன். இங்கே வைக்க மாட்டேன்.

இன்று இருபத்தோராம் நாள். ஓட்டில் விரிசல் எதுவும் இல்லை. ஸ்டொயில் காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார், ஒவ்வொரு முறையும் வானிலை விசாரிக்க. வெதுவெதுப்பான நீரில் போட்டு அசைகிறதா பார்க்கலாம் என்று வாய் திறந்தேன். "நீ எதுவும் பண்ணாத" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

இப்போது கொட்டகையில் நிற்கிறோம். நெவேனா சாம்பல் பேடையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு முட்டையை எடுத்துக் காதோடு வைத்துக் கேட்டாள். அம்மாவிடம் நீட்டினாள். அம்மா முக்காட்டை விலக்கிக் கேட்டாள்.

"தட்டுது."

"உங்க நாடித் துடிப்பு அத்தை அது."

"எழுபது வருஷமா என் நாடியை எனக்குத் தெரியாதா? உள்ள ஒருத்தன் தட்டறான். பிடிவாதமாத் தட்டறான்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே." நெவேனா முட்டையைத் திரும்ப வாங்கி என்னிடம் நீட்டினாள். "ரலி, நீ கேட்டுச் சொல்லு."

முட்டை என் கைக்கு வந்துவிட்டது. ஆனால் நான் என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரியும். கேட்க விரும்புவதைக் கேட்பேன், பிறகு அதைச் சந்தேகப்படுவேன். இதைப் படிக்கிற நீங்கள் பாஷாவைப் பார்த்ததில்லை, எந்தக் கூடையையும் நகர்த்தியதில்லை. உங்கள் காது சுத்தமானது.

இந்தாருங்கள். அகலமான முனை காதுப் பக்கம். மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். சீக்கிரம், கோழி காத்திருக்கிறது, சூடு ஆறுவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

என்ன, கேட்கிறதா?