முன்பக்க லிஃப்ட்

ஸ்ட்ரெச்சரின் தலைமாடு லிஃப்டுக்குள் போய்விட்டது; கால்மாடு இரண்டடி வெளியே நின்றது. அமரர் ஊர்திக்காரர் கோணம் மாற்றி மறுபடி தள்ளிப் பார்த்தார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி நிமிர்த்திவிட்டால் போய்விடும், இந்த மாதிரி இடங்களில் அப்படித்தான் செய்வது என்றார்.

"நிக்க வெச்சா?" என்றாள் மூத்தவள்.

அவர் பெல்ட்டை உருவத் தொடங்கினார்.

அப்பா விடியற்காலையில்தான் போனார். தூக்கத்திலேயே. முப்பது வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவர். பேட்டையில் அவர் பெயரே மீட்டர்தான். அவர் நுழையாத வீடு அங்கே கிடையாது. அந்தப் பேட்டையை இடித்துப் பன்னிரண்டு மாடி எழுப்பியபோது, விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு முன்பக்கம், பழைய குடித்தனக்காரர்களுக்குப் பின்பக்கம் என்று ஆனது. முன்பக்கத்துக்கு அகலமான லிஃப்ட். பின்பக்கத்துக்கு நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இது. மாடிக்கு மாடி இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவு, எப்போதும் பூட்டு. "எல்லாரும் கலந்து வாழ்றோம்னு போர்டுல போட்டிருக்கான். கதவுக்கு யாரும் சொல்லல போல" என்று அப்பா சிரிப்பார்.

"ஏன்க்கா வம்பு? கட்டிடலாம்" என்றான் தம்பி.

அவள் ஏழு மாடியும் படியில் இறங்கி, கட்டிடத்தைச் சுற்றிப் போய், முன்வாசலில் குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பிடித்து, அந்த இரும்புக் கதவைத் திறந்துவிடச் சொன்னாள். பல் டாக்டர்; கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நல்லவிதமாகத்தான் பேசினார். வருத்தம் சொன்னார். குழந்தைகள் பள்ளிக்குப் போகிற நேரம், பயந்துவிடும் என்றார். நான் ஒருவனாக முடிவெடுக்க முடியாது, பதினொரு மணிக்கு மேல் கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

"சார், அது தீப்பிடிச்சா தப்பிக்கிறதுக்கு வெச்ச கதவு. பூட்டவே கூடாது." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க திறங்க. இல்லன்னா தீயணைப்புக்குப் போன் பண்றேன், அவங்க வந்து திறக்கட்டும். எங்கப்பா படுத்துக்கிட்டுத்தான் போவாரு."

டாக்டர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவளோடு மேலே வந்தார்.

பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. தம்பி சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து விட்டான். மூன்றாவது திருகில் கழன்றது.

முன்பக்க லிஃப்ட் மேலிருந்து வந்து நின்றபோது, உள்ளே பள்ளிப் பையோடு ஒரு சிறுமியும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அம்மா ஒன்றும் கேட்காமல் குழந்தையோடு வெளியே வந்து, ஸ்ட்ரெச்சர் முழுக்க உள்ளே போகிறவரை பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குழந்தை எட்டிப் பார்த்தது, பயப்படவில்லை. உள்ளே இடம் தாராளமாக இருந்தது. அப்பாவுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் தம்பியும் நின்றார்கள்.

வண்டி முன்வாசலிலேயே நின்றது. அலுவலகம் கிளம்பிய நாலைந்து கார்கள் அதன் பின்னால் வரிசை கட்டிவிட்டன.

"சீக்கிரம்க்கா" என்றான் தம்பி, கார்களைப் பார்த்தபடி.

போர்வை விலகி அப்பாவின் ஒரு பாதம் வெளியே தெரிந்தது. ஒரு காரும் ஹாரன் அடிக்கவில்லை. அவள் குனிந்து போர்வையை இழுத்து மூடினாள். இந்தப் பக்கத்து ஓரத்தைச் சுருக்கமில்லாமல் நீவி அடியில் செருகிவிட்டு, அந்தப் பக்கத்துக்குச் சுற்றி நடந்தாள்.