ஏழாம் மாடியில் விழுந்துகொண்டிருப்பவன்

தேக்கா சந்தைக்கு மேலே உள்ள அடுக்குமாடியில், ஏழாம் மாடித் தாழ்வாரத்தின் கோடியில், இளமாறன் ஆறு வருடமாக விழுந்துகொண்டிருக்கிறான். அங்கே கடுகளவில் ஒரு கருந்துளை இருப்பது வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அது தோன்றிய வாரமே நகர மன்றத்து ஆட்கள் வந்து ஆரஞ்சு நிறத் தடுப்பு வைத்து, குப்பை போடக் கூடாதென்று நான்கு மொழிகளில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார்கள். அதற்குமேல் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

அலட்டிக்கொண்டது அவன் மனைவி கவிப்ரியா மட்டும்தான், அதுவும் சந்தோஷத்தில். கருந்துளைக்குள் விழும் எதுவும் விழுவதற்குச் சற்று முன் சுழன்று, சூடேறி, எக்ஸ்ரே கதிர்களை வீசும். எங்கோ வானத்தில் நடக்கும் அதை விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளில் ஆராய்வதுதான் பல்கலைக்கழகத்தில் அவள் வேலை. இப்போது வீட்டு வாசலிலேயே ஒன்று! பஃபலோ ரோட்டில் பூக்கடை வைத்திருக்கும் மாமியார் பூவம்மாவிடம் மிஞ்சிய மல்லிகையை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். பூக்கள் வட்டமாகச் சுற்றி நீலமாக மின்னின. அந்த மின்னலில், நின்றவர்களின் எலும்பெல்லாம் தெரிந்தது. எதிர்வீட்டு ஜரீனாவுக்கு மூட்டுத் தேய்ந்திருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

ஒரு மாலை கவிப்ரியா கதிர்களை அளக்கும் கருவியைக் கவனித்துக்கொண்டிருக்க, இளமாறன் பூச்சரத்தை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க, சிக்னல் பத்தல" என்றாள். போனான். கால் இழுபட்டது. திரும்பி, கையைத் தூக்கி, ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். விழுகிறவனின் ஒரு கணம் வெளியே இருப்பவர்களுக்கு நீண்டுகொண்டே போகும். நாளுக்கு நாள் சிவந்து மங்கினான். இப்போது பூ மின்னும்போது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறான்.

கருமாதி செய்து பிள்ளையை அனுப்பிவைக்க வேண்டும் என்றார் பூவம்மா. விழுந்தே முடிக்காதவனுக்குக் கருமாதியா என்று கவிப்ரியா மறுத்தாள். அவளை உள்ளுக்குள் அரித்தது வேறு. அவன் வாயைத் திறந்தது தன்னைக் கூப்பிடவா, சபிக்கவா? தினமும் ஒரு முழம் பூவைப் போட்டு அந்த உதடுகளைப் படம் எடுத்தாள். அவை மயிரிழைகூட அசையவில்லை. அந்தச் சொல் யார் காதையும் எட்டப்போவதில்லை என்று அவள் படிப்பே சொன்னது. இருந்தும் நிறுத்த மனம் வரவில்லை, பாவம்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் தாங்க முடியாமல் மாமியாரிடம் உடைத்துவிட்டாள். "நான்தான் அத்தை அவரைக் கிட்ட போகச் சொன்னேன்."

பூவம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்துக்கு முடிச்சுப் போட்டார். பிறகு கேட்டார்: "அங்க அவனுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

"ஒரு செகண்டுகூட ஆகல அத்தை."

"அப்ப அவனுக்குப் பயமே இன்னும் வந்திருக்காது லா. கோவம் எங்கேர்ந்து வரும்?"

கவிப்ரியா அத்தனை வருட அழுகையையும் அன்று அழுதாள். கருமாதிப் பேச்சைப் பூவம்மா அதோடு விட்டார். சிராங்கூன் சாலைக்குப் போய் மகனுக்கும் சேர்த்துப் புதுத்துணி எடுத்துவந்தார். சட்டை இப்போது அந்த ஆரஞ்சுத் தடுப்பில் தொங்குகிறது. லிஃப்டுக்குப் போகிறவர்கள் அதில் இடிக்காமல் ஒதுங்கிப் போகிறார்கள்.